72,000 ஆணியும் ஒரு தேர் வடமும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் பதிவு போட முடியலைன்னு சொல்லாத பதிவர் யாராவது உண்டா? மக்களே, நிஜமாகவே 72,000 ஆணி அடித்து முடித்த ஒரு இடம் எங்க கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சிதம்பரம் நடராஜர் கோயில், சிற்றம்பலத்தின் மேலே இருக்கும் பொற்கூரை.

கோயிலுக்குப் போனவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டிருப்பீர்கள். கூரையில் 21,600 பொன் ஓடுகள். மனுஷன் ஒரு நாளைக்கு விடும் மூச்சு அத்தனை. நிமிஷத்துக்கு 15 மூச்சு, மணிக்கு 900, 24 மணி நேரத்துக்கு 21,600. கணக்கு சரியாக வருகிறது. அந்த ஓடுகளைப் பிடித்திருப்பது 72,000 ஆணிகள். உடம்பில் ஓடும் நாடிகள் அத்தனை என்பது ஐதீகம்.

தத்துவத்தை அதற்குரியவர்கள் சொல்லட்டும். நம்ம புத்தி வகுத்தல் கணக்குக்குத்தானே போகும். 72,000-ஐ 21,600-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.33 வருகிறது. அதாவது மூன்று ஓட்டுக்குப் பத்து ஆணி. ஓட்டுக்கு நாலு மூலையிலும் ஒன்று என்று அடித்திருந்தால் 86,400 ஆணி வேண்டும் (ஒரு நாளைக்கு எத்தனை விநாடியோ அத்தனை!). எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டால், எல்லா ஓட்டுக்கும் ஒரே மாதிரி தனித்தனி ஆணி என்ற கணக்கு உதைக்கிறது. ஒன்று, சில ஓட்டுக்கு மூணு, சில ஓட்டுக்கு நாலு. இல்லையென்றால் ஒரே ஆணி இரண்டு ஓட்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு தகட்டின் விளிம்பு இன்னொரு தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் இது ரொம்ப சகஜம்.

இந்த இடத்தில்தான் மேட்டர் சுவாரசியமாகிறது. கம்ப்யூட்டர் எய்டட் டிசைன், சுருக்கமாக கேட் மென்பொருள் பழகுகிறவர்களை முதலில் முழி பிதுங்க வைக்கிற விஷயங்கள் இரண்டு. ஒன்று தகட்டு வேலை: நாக்கு விட்டு, விளிம்பு மடித்து, பொருத்துவது. இன்னொன்று திருகு: ஸ்பிரிங், ஸ்க்ரூ, கயிறு மாதிரி ஏறிக்கொண்டே சுற்றுகிற வளைவு. இரண்டுக்கும் மெனுவில் தனித்தனி பட்டன், தனித்தனி பாடம். ஆனால் வரலாற்றில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றின் கூரையும் இன்னொன்றின் வடமும் ஒரே கோயிலில் இருப்பதால் சிதம்பரத்தை வைத்தே இந்தக் கதையைச் சொல்லலாம் என்று ஆசை.

வேய்ந்த பொன்

முதலாம் பராந்தக சோழன் (907–955) சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான் என்பதை திருவாலங்காட்டுச் செப்பேடும் லெய்டன் செப்பேடும் சொல்கின்றன. அவன் மகன் கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பாவிலும் அந்தச் செய்தி வருகிறது. அப்புறம் வந்த சோழர்களும் தங்கள் பங்குக்குப் பொன் பூசியிருக்கிறார்கள்.

'வேய்ந்தான்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓலைக் குடிசைக்குக் கூரை வேய்வோமே, அதே வார்த்தை. சிற்றம்பலத்தின் உருவமும் குடிசைதான். மரத்தால் ஆன சபை, சரிந்து வளைந்து இறங்கும் கூரை, உச்சியில் வரிசையாக 9 கலசம். கல்லில் கோபுரம் எழுப்பத் தெரிந்த ஊரில் மூலவர் சபையை மட்டும் மரக்குடிசை வடிவத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

ஓலை வேய்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். கீழே இறவாரத்தில் ஆரம்பிப்பார். முதல் வரிசை போட்டு, அதன் தலை மறைகிற மாதிரி அடுத்த வரிசை. அப்படியே மேலே ஏறி உச்சியில் முடிப்பார். எந்த வரிசையின் கட்டும் மழைக்குத் தெரியாது, மேல் வரிசை அதை மூடிவிடும். ஓடு, தகடு எது போட்டாலும் தண்ணீர் விஷயத்தில் விதி இதுதான். தண்ணீர் கீழேதான் ஓடும், அதனால் மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் ஏறி நிற்க வேண்டும்.

சரி, பெரிய பெரிய தகடாகப் போட்டு வேலையைச் சீக்கிரம் முடித்திருக்கலாமே, எதற்கு 21,600? பொறியியல் பக்கமிருந்து இரண்டு காரணம் சொல்லலாம்.

முதலாவது வெயில். உலோகம் சூடானால் நீளும். செம்பை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் நீளத்தில் 0.017 மி.மீ. கேட்கும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரே தகடாகப் போட்டு, விடியற்காலை 25 டிகிரியிலிருந்து மத்தியானம் 60 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட 6 மி.மீ. நீளும். சாயங்காலம் சுருங்கும். தினமும் இப்படி இழுத்துத் தள்ளினால் ஆணி ஓட்டை பெரிதாகும், தகடு உப்பும், ஒரு நாள் ஆணி கையோடு வந்துவிடும். சின்னச் சின்னத் துண்டாக இருந்தால் ஒவ்வொன்றும் நீள்வது மயிரிழைதான். ஏறி உட்கார்ந்த விளிம்பில் அது வழுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் வடிவம். அதற்குக் கொஞ்சம் வேர்க்கடலை வேண்டும்.

பொட்டலமும் பானையும்

வேர்க்கடலை எங்க மாவட்டத்து விளைச்சல், அதனால் உரிமையோடு கேட்கிறேன் :-) கடலை விற்பவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு கூம்புப் பொட்டலம் பண்ணுவார். காகிதம் கசங்காது, கிழியாது. உருளையாகவும் சுருட்டலாம். ஆனால் அதே காகிதத்தை ஒரு பானையின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. எங்காவது சுருங்கும், இல்லை கிழியும். பானை ஒரே இடத்தில் இரண்டு பக்கமாகவும் வளைகிறது. காகிதத்துக்கு ஒரு சமயத்தில் ஒரு பக்கம் வளையத்தான் தெரியும்.

எந்தப் பரப்பையெல்லாம் கசங்காமல் தட்டையாக விரிக்கலாம் என்று ஆய்லர் 1772-ல் ஒரு கட்டுரை எழுதினார். காஸ் 1827-ல் அதற்கு அடிப்படையான காரணத்தையே நிறுவினார்: வளைத்தாலும் மடித்தாலும் மாறாத ஒரு அளவு ஒவ்வொரு பரப்புக்கும் உண்டு. தட்டைத் தகட்டுக்கு அது பூஜ்ஜியம். கூம்புக்கும் உருளைக்கும் பூஜ்ஜியம். பானைக்கு பூஜ்ஜியமில்லை. எத்தனை பெரிய கொல்லராக இருந்தாலும் தட்டி நீட்டாமல் அதை மாற்ற முடியாது.

தட்டலாம்தான். தங்கம் தட்டத் தட்ட நீளும். ஒரு கிராம் தங்கத்தை ஒரு சதுர மீட்டருக்கு விரித்தால் அதன் கனம் 0.05 மைக்ரான்தான் வரும், தங்க ரேக்கு அடிப்பவர்கள் கிட்டத்தட்ட அங்கே வரைக்கும் போகிறார்கள். ஆனால் மழையில் நனையும் கூரையைக் கனம் பார்க்காமல் தட்டிக்கொண்டே போக முடியாது. இன்னொரு வழி, வளைவைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குவது. துண்டு போதுமான அளவு சின்னதாக இருந்தால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட தட்டை. கண்ணுக்கு மொத்தமும் வளைவு.

கேட் மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. திரையில் நீங்கள் சுழற்றிப் பார்க்கிற வழவழப்பான உருண்டை, உள்ளே ஆயிரக்கணக்கான தட்டை முக்கோணங்கள். 1987-ல் 3டி பிரிண்டிங்குக்காக எஸ்.டி.எல் என்று ஒரு கோப்பு வகை வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. அதற்குள் முக்கோணங்களைத் தவிர வேறொன்றுமே கிடையாது. 21,600 முக்கோணம் இருக்கிற எஸ்.டி.எல் கோப்பு இன்றைக்கு ஒரு சாதாரண கோப்பு. துண்டு அதிகமானால் வளைவு அழகு, வேலையும் அதிகம். எங்கே நிறுத்துவது என்பது பொன் வேய்ந்தவருக்கும் கேள்விதான், புரோகிராமருக்கும் கேள்விதான்.

இரண்டு மில்லிமீட்டர் எங்கே போச்சு?

தகட்டு வேலையில் மடிப்பு என்று ஒன்று இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு மாதிரி எந்தப் பழைய கடைத்தெருவிலும் தகரப்பெட்டி, புனல், முறம் செய்கிற பட்டறை ஒன்றாவது இருந்திருக்கும். அவர் தகரத்தில் கோடு போட்டு வெட்டும்போது பாருங்கள், பெட்டியின் சுவருக்கு வேண்டியதைவிட ஒரு விரற்கடை ஓரத்தில் விட்டே வெட்டுவார். அதுதான் நாக்கு. அதை மடித்து அடுத்த தகட்டின் மடிப்பில் கொக்கி மாதிரி மாட்டி, சுத்தியலால் தட்டினால் ஆணியும் வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம். கேட் மென்பொருளில் 'டேப்' என்று பட்டன் இருக்கிறதே, அது இந்த நாக்கேதான்.

இதில் ஒரு சூட்சுமம். 1 மி.மீ. தகட்டில் வெளி அளவு 20 மி.மீ. ஒரு பக்கம், 30 மி.மீ. ஒரு பக்கம், நடுவில் செங்கோணமாக ஒரு மடிப்பு. எத்தனை நீளத்துக்குத் தகடு வெட்டணும்? 50 என்றால் பெட்டி பெரிதாகிவிடும். மடிக்கும்போது உள்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. நடுவில் எங்கோ ஒரு கோடு மட்டும் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அந்தக் கோடு உள்பக்கத்திலிருந்து தகட்டுக் கனத்தில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதைத்தான் கே ஃபேக்டர் என்கிறார்கள். சாதாரணமாக 0.3-க்கும் 0.5-க்கும் நடுவில் இருக்கும். 0.44 என்று வையுங்கள், மடிப்பின் உள் ஆரம் 1 மி.மீ. அப்போது வளைந்த பகுதியின் நீளம் 2.26 மி.மீ. நேரான பகுதிகள் 18-ம் 28-ம். மொத்தம் 48.26. ஐம்பதில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் காணாமல் போய்விட்டது.

மென்பொருள் இந்தக் கணக்கைக் கண் இமைப்பதற்குள் போட்டுவிடும். ஆனால் அந்த 0.44 அதற்குத் தானாகத் தெரியாது. தகடு என்ன உலோகம், எப்படி உருட்டியது, எந்த அச்சில் மடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரு துண்டை மடித்துப் பார்த்து அளந்துதான் எழுதணும். தகரப்பட்டறைக்காரர் 'இதுக்கு ஒரு நூல் கொறைச்சுக்கோ' என்று பையனிடம் சொல்வார் பாருங்கள், அது கே ஃபேக்டர். பேரில்லாமல், தசமப் புள்ளி இல்லாமல், கை வழியாகவே வந்தது.

கேட் வரலாற்றிலும் தகட்டுக்குத்தான் பெரிய இடம். 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' எழுதி, ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டுக் காட்டினார். ஆனால் அதற்கு முன்னாலேயே பிரான்சில் கார் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி இருந்தது. காரின் உடம்பு வளைந்த தகடு. களிமண்ணிலும் மரத்திலும் மாதிரி செய்து, அதைப் பார்த்து அச்சு வெட்டுவார்கள். ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் வளைவு மாறும். சிட்ரோயன் கம்பெனியில் 1959-ல் பால் தெ காஸ்தெல்ஜோ வளைவைச் சில புள்ளிகளால் துல்லியமாகச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார். கம்பெனி அதை ரகசியமாகவே வைத்துக்கொண்டது. ரெனோ கம்பெனியில் பியர் பெசியே அதே விஷயத்தைத் தனியாகக் கண்டுபிடித்து வெளியே எழுதினார். அதனால்தான் நாம் எல்லோரும் 'பெசியே வளைவு' என்று சொல்கிறோம். (உடனே பதிவு போட்டவருக்குத்தான் பேர், டிராஃப்டில் வைத்திருந்தவருக்கு இல்லை. பதிவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

1975-ல் கென் வெர்ஸ்பிரில் தன் ஆய்வேட்டில் இதை இன்னும் விரித்தார். நர்ப்ஸ் என்று இன்றைக்குப் பெரும்பாலான கேட் மென்பொருள்களின் அடியில் ஓடுவது அதுதான். வட்டம், நீள்வட்டம் எல்லாம் அதில் அச்சுப் பிசகாமல் வரும். ஆனால் ஒன்று வராது. திருகு.

முப்புரி

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர். மற்ற ஊர்களில் உற்சவர் வருவார், இங்கே மூலவரான நடராஜரே சிவகாமியோடு தேரேறி வெளியே வருகிறார். பிள்ளையார், முருகர், சண்டிகேசுவரர் என்று மொத்தம் ஐந்து தேர். எல்லோர் கண்ணும் தேர் மேல் இருக்கும்போது நீங்கள் ஒரு நிமிஷம் வடத்தைப் பாருங்கள்.

கயிற்றின் ஒரு இழைத்தொகுதிக்கு 'புரி' என்று பேர். மூன்று புரி சேர்ந்தால் முப்புரி. புரி என்றாலே முறுக்கு, திருகு. வலம்புரி, இடம்புரி என்று சங்குக்குச் சொல்கிறோமே, அதே புரி. ஒரு மொழி கயிற்றிலும் சங்கிலும் இருக்கிற ஒரே வடிவத்தைக் கண்டு ஒரே பேர் வைத்திருக்கிறது. ஜியோமெட்ரி வகுப்புக்குப் போகாமலே!

கொசுவர்த்திச் சுருளையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுருள் தட்டையாகச் சுற்றி அகலமாகும். திருகு அகலம் மாறாமல் சுற்றிக்கொண்டே முன்னால் போகும். இரண்டும் சேர்ந்த உதாரணம் வேண்டுமா? கைமுறுக்கு. மாவை விரலால் திருகித் திருகிப் புரியாக்குவது திருகு, அந்தப் புரியை வட்டமாகச் சுற்றி வைப்பது சுருள். பாட்டிமார்கள் கேட் மென்பொருள் இல்லாமலே போட்டுக்கொண்டிருந்த சிக்கலான மாடல் அது.

வடத்துக்கு வருவோம். தென்னை நாரை ஒரு பக்கமாக முறுக்கி இழையாக்குகிறார்கள். இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கிப் புரி. புரிகளைச் சேர்த்து மறுபடி எதிர்ப்பக்கமாக முறுக்கிக் கயிறு. ஏன் இப்படி மாற்றி மாற்றி? ஒரே பக்கமாக முறுக்கிய கயிற்றை இழுத்தால் அது பிரிந்துகொள்ளத்தான் பார்க்கும். மாற்றி முறுக்கினால், புரி பிரியப் பார்க்கும் திசை கயிற்றை இறுக்கும், கயிறு பிரியப் பார்க்கும் திசை புரியை இறுக்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூச்சில் இழுக்கும்போது அத்தனை பேர் பலமும் அந்தச் சண்டை சமாதானத்தில்தான் தேருக்குப் போய்ச் சேருகிறது.

எத்தனை நாள் கயிறு என்பதைவிட எத்தனை நீளம் புரி வேண்டும் என்பது திரிப்பவருக்கு முதல் கேள்வி. ஒரு உதாரணக் கணக்கு. புரியின் மையம் வடத்தின் நடுவிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஓடுகிறது, 36 செ.மீ.க்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றின் வட்ட நீளம் 18.85 செ.மீ. இப்போது ஒரு செங்கோண முக்கோணம் போடுங்கள். ஒரு பக்கம் 36, இன்னொரு பக்கம் 18.85. சாய்ந்த பக்கம் 40.6. அதாவது 100 மீட்டர் வடத்துக்குப் புரி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 113 மீட்டர் வேண்டும். தகட்டில் இரண்டு மில்லிமீட்டர் காணாமல் போன மாதிரியே இங்கே 13 மீட்டர் காணாமல் போகிறது. தெரியாமல் திரித்தால் வடம் தேரடிக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

முக்கோணத் தகடு

அந்தச் செங்கோண முக்கோணம் எங்கிருந்து வந்தது? ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி ஒரு பென்சில் மேல் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த பக்கம் பென்சில் மேல் திருகாக ஏறும். பிரித்தால் மறுபடி நேர்கோடு. திருகு என்பது சுருட்டி வைத்த நேர்கோடு, அவ்வளவுதான்.

கிரேக்கர்கள் இதையே தொழிலாகச் செய்தார்கள். ஹெரோன் (கி.பி. முதல் நூற்றாண்டு), பாப்பஸ் (நான்காம் நூற்றாண்டு) இவர்களின் எந்திரவியல் எழுத்துகளில் மரத்தில் மரை வெட்டும் முறை வருகிறது. மெல்லிய தகட்டைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, உருளை மேல் சுற்றி, சாய்ந்த விளிம்பு ஓடும் வழியைக் குறித்துக்கொண்டு உளியால் வெட்டுவது. பார்த்தீர்களா, திருகு பிறந்ததே தகட்டிலிருந்துதான். தகட்டைக் கசங்காமல் உருளையில் சுற்றலாம் என்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. பானையில் சுற்ற முடியாதே.

அப்போலோனியஸ் இன்னொரு விஷயம் காட்டியதாக ப்ராக்ளஸ் எழுதியிருக்கிறார். நேர்கோடு, வட்டம் இரண்டுக்கும் ஒரு குணம் உண்டு: எந்தத் துண்டை எடுத்தாலும் மற்றத் துண்டு மாதிரியே இருக்கும், தன் மேல் தானே வழுக்கி ஓடும். உருளைத் திருகுக்கும் அந்தக் குணம் இருக்கிறது. போல்ட்டின் எந்த இடத்திலும் நட்டு ஒரே மாதிரி ஓடுவது இதனால்தான். காதுத் தோட்டின் திருகாணியிலிருந்து விசைப்படகு வரைக்கும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுகிறது.

விசைப்படகு எங்கே வந்ததா? கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருக்கும் படகின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீரைத் தள்ளும் இறக்கை ஒவ்வொன்றும் ஒரு திருகுப் பரப்பிலிருந்து வெட்டிய துண்டு. 1836-ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும் ஜான் எரிக்சனும் தனித்தனியாக இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஸ்மித் வைத்தது முழுசாக இரண்டு சுற்று ஓடும் மரத் திருகு. 1837-ல் சோதனை ஓட்டத்தில் அதில் பாதி உடைந்து விழ, படகு வேகமாகப் போனது! அப்புறம் சுற்றுகள் குறைந்து குறைந்து இன்றைய இறக்கையில் வந்து நின்றது.

மரை வெட்டும் லேத்தை 1800 வாக்கில் ஹென்றி மாட்ஸ்லே ஒழுங்குபடுத்தினார். 1841-ல் ஜோசப் விட்வொர்த் மரைக்கு அளவு நிர்ணயம் செய்யலாம் என்று எழுதினார். அதற்கு முன் ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. மரை கழண்ட உலகம்தான் அது :-)

மென்பொருள் என்ன செய்கிறது?

நர்ப்ஸில் திருகு வராது என்றேன். காரணம் எளிது. அந்த வகை வளைவை ஒரு தட்டைத் தளத்தால் வெட்டினால் எத்தனை இடத்தில் வெட்டலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. திருகை நீட்டிக்கொண்டே போங்கள், அச்சு வழியாக நெடுக்காக வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெட்டு, முடிவே கிடையாது. ஆகவே கேட் மென்பொருள் காட்டும் திருகு ஒரு தோராயம். நுணுக்கமான தோராயம், மைக்ரானுக்குக் கீழே பிழை வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் துண்டு துண்டாக ஒட்டியதுதான். பொன் ஓட்டுக் கூரை மாதிரியே.

அதை எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இலவச மென்பொருளான ஃப்ரீகேட் 2002-ல் ஆரம்பித்து 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்டது. அதன் அடியில் ஓடுவது ஓப்பன் கேஸ்கேட் என்ற நூலகம், 1999-ல் திறமூலமானது. மூல நிரல் திறந்தே இருக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம். அதில் திருகு வரைகிற பகுதி என்ன செய்கிறது தெரியுமா? ஒரு உருளைப் பரப்பை எடுத்துக்கொள்கிறது. அதை விரித்த தட்டைப் பரப்பாக நினைத்துக்கொண்டு அதில் ஒரு சாய்ந்த நேர்கோடு போடுகிறது. அப்புறம் உருளையில் சுற்றி முப்பரிமாண வளைவைக் கணக்கிடுகிறது. ஹெரோனின் முக்கோணத் தகடு, சி++ மொழியில்! இரண்டாயிரம் வருஷத்தில் வித்தை மாறவில்லை.

நடைமுறைக்கு ஒரு வார்த்தை. நிஜ வேலையில் போல்ட்டுக்கெல்லாம் யாரும் மரையை முழுசாக வரைவதில்லை. எம்10 போல்ட்டில் ஒரு சுற்று ஏறுவது 1.5 மி.மீ., வட்டம் 31.42 மி.மீ., திருகின் நீளம் 31.45. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத இதற்காக ஆயிரம் போல்ட் இருக்கிற மாடலில் மரை போட்டால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஒரு படத்தை ஒட்டிவிட்டு 'எம்10' என்று எழுதினால் போதும். அதெல்லாம் தேவையில்லாத ஆணி.

சொல்ல வந்தது

முதல் வருஷ எஞ்சினியரிங் டிராயிங்கில் 'பரப்புகளை விரித்தல்' ஒரு பாடம், 'உருளைத் திருகு' இன்னொரு பாடம். தோளில் மினி டிராஃப்டரைச் சுமந்து அலைந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1790களில் பிரான்சில் மாஞ்ஜ் வகுப்பெடுத்த வரைகணிதத்தின் வாரிசு அந்தப் பாடம். அதற்கு முன் அது ராணுவப் பள்ளிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த வித்தை. சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லிருந்து இருக்கிறது, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். கிளாம்ப், பிராக்கெட் என்று எங்கோ எழுதிய புத்தகத்துப் படங்களையே நாம் மறுபடி மறுபடி வரைந்தோம். நடந்து போகிற தூரத்தில் பொற்கூரையும் தேர் வடமும் இருந்தன.

என் ஆதங்கம் பெருமை பேசுவது பற்றி இல்லை. பொற்கூரை பற்றி ஊருக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரிவது எண்ணிக்கையும் அதன் அர்த்தமும். 21,600, 72,000. ஒரு ஓடு இன்னொன்றின் மேல் எத்தனை விரற்கடை ஏறுது, ஆணி விளிம்பிலிருந்து எத்தனை தள்ளி, எந்த மூலையில் தகடு எப்படி மடிகிறது, இதெல்லாம் அந்த வேலையைச் செய்கிற கைகளோடு இருக்கிற அறிவு. வடமும் அப்படித்தான். எத்தனை மீட்டருக்கு எத்தனை புரி, எவ்வளவு முறுக்கினால் போதும், எப்போது நிறுத்தணும் என்பது திரிப்பவரின் உள்ளங்கையில் இருக்கிறது. கதை நாக்கு வழியாகப் போகும், ஆயிரம் வருஷம் நிற்கும். கைவேலை கை வழியாகத்தான் போகும். ஒரு தலைமுறை மகன் சென்னைக்கு (நம்ம மாதிரி) பெட்டி தட்ட வந்துவிட்டால் அறுந்துவிடும்.

மென்பொருளால் இதற்கு உதவ முடியும், ஆனால் வடிவத்தை மட்டும் வரைந்தால் போதாது. மூன்று திருகுகளை வரைந்து கயிறு என்று திரையில் காட்டுவது பத்து நிமிஷ வேலை. அந்தக் கயிற்றில் முறுக்கு இருக்காது. எதிர் முறுக்கு ஏன் என்ற காரணம் இருக்காது. இழுத்தால் என்னாகும் என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு கயிறு திரிப்பவரை உட்கார வைத்து, அவர் 'இன்னும் நாலு சுத்து' என்று சொல்வதை எண்ணாக மாற்றி எழுத வேண்டும். தகட்டுக்கு அந்த 0.44 எப்படியோ அப்படி. வரைபடமும் கை அளவும் சேர்ந்து இருந்தால்தான் அது பதிவு.

நம்மில் எத்தனையோ பேர் பொறியியல் படித்துவிட்டு வேறு பிழைப்புக்கு வந்தவர்கள். ஊரில் ஓடு பதிப்பவர், தகரம் மடிப்பவர், கயிறு திரிப்பவர், படகு கட்டுபவர் யாராவது ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த முறை போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் கொண்டு போங்கள். என்ன செய்கிறார் என்பதோடு எத்தனை, எவ்வளவு, ஏன் என்றும் கேட்டு எழுதுங்கள். பதிவாகப் போட்டால் முதல் பின்னூட்டம் என்னுடையது.

கொசுறு: வலம்புரிச் சங்கு அபூர்வம் என்று தெரியும். ஆனால் அதைப் பொறியியல் கணக்கில் பார்த்தால் அது இடக்கைத் திருகு! சாதாரண போல்ட்டுக்கு நேர் எதிர்த் திசை. நாம் சங்கின் மூக்கு மேலே இருக்கப் பிடித்து, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துப் பேர் வைத்தோம். விலங்கியல்காரர்கள் கூர் முனை மேலே இருக்கப் பிடித்துப் பார்த்துப் பேர் வைத்தார்கள். சங்கைத் தலைகீழாகத் திருப்பினாலும் திருகின் திசை மாறாது, பார்க்கிறவர் வைக்கிற பேர்தான் மாறும். சந்தேகம் இருந்தால் ஒரு போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.